புளியமரத்துக்கு முன்னால் திரும்பிய ஜீப்

எங்கள் சாதிக்கு இடஒதுக்கீடு கேட்டு அந்தப் பக்கத்து ரோடுகளில் மரங்களை வெட்டிப் போட்டு மறியல் நடந்த சமயம் அது. கல்வராயன் மலை அடிவாரத்தில் ஒரு சின்ன மருத்துவமனையில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். புதிதாகக் கல்யாணமானவன். படிப்பு ஐந்தாவது. யாரிடமும் முகம் பார்த்துப் பேச வராது.

அங்கே ஸ்பெயினிலிருந்து வந்த ஒரு கன்னியாஸ்திரி நர்ஸாக இருந்தார். மலைக்கிராமங்களுக்குப் போகும் வழியில் என்னிடம் தமிழ் கேட்பார். பதிலுக்குத் தன் பாஷையைச் சொல்லித்தருவார். இரண்டு பேருமே தப்பும் தவறுமாகப் பேசியதாலோ என்னவோ, அவரிடம் மட்டும் எனக்குக் கூச்சமில்லை. 'ஆப்ளா' என்றால் பேசுகிறார். பேச வேண்டுமே என்று மனசு ஏங்கினால் 'ஆப்ளே'. சாப்பிடுகிறார் 'கோமே', சாப்பிடட்டும் 'கோமா'. வாழ்கிறார் 'வீவே', வாழட்டும் 'வீவா'. வளைவுகளில் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே ஒப்பிப்பேன். அவர் சிரிப்பார்.

ஒருநாள் காலையில் அவருக்குத் தந்தி வந்தது. ஊரில் அம்மாவுக்குப் பேச்சு நின்றுவிட்டது, ஆகாரமும் இறங்கவில்லை. சாயங்காலத்துக்குள் சென்னை போனால் விமானம் உண்டு. பஸ் எதுவும் ஓடவில்லை. ஜீப்பை எடுத்தேன்.

கள்ளக்குறிச்சிக்கு முன்னால் ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்திருந்தவர்களில் என் மனைவியின் அண்ணனும் ஒருவர். நியாயமாக நானும் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டியவன்.

"இன்னா மாப்ள, ஊரே ரோட்டுல குந்திக்கினு கீது. நீ வெள்ளக்காரம்மாவ ஏத்திக்கினு சவாரி போறியா?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. எதற்குப் போகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் ஜீப்பைத் திருப்பினேன். "வழி இல்ல சிஸ்டர்" என்றேன். அவர் நம்பினார்.

மருத்துவமனை வாசலுக்கு வந்தும் அவர் இறங்கவில்லை. பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். உதடு மட்டும் அசைந்தது. ஆப்ளே, கோமா, வீவா. நான் விளையாட்டாக ஒப்பித்த அதே மூன்று சொற்கள். மதியம் வரைக்கும் பார்த்தேன். அதற்குமேல் தாங்கவில்லை. மறுபடியும் வண்டியைக் கிளப்பினேன்.

இந்தத் தடவை இறங்கினேன். மச்சான் உட்கார்ந்திருந்த மரத்தருகே போனேன். "மச்சான், சிஸ்டரோட அம்மா சாவக் கெடக்குதாம். பாக்கப் போறாங்க" என்றேன்.

அவர் மரத்திலிருந்து குதித்தார். "அடப்பாவி, இத காத்தாலயே சொல்றதுக்கு இன்னா? பெத்தவளப் பாக்கப் போறவங்கள மறிப்பமா நாங்க?"

பத்துப் பேர் கிளைகளை வெட்டி, மரத்தை உருட்டி வழிவிட்டார்கள். மச்சானே ஜீப்பில் தொற்றிக்கொண்டார். அடுத்த மறியலில் பேசி, அங்கிருந்த ஒருவரை ஏற்றிவிட்டு இறங்கினார். அவர் அதற்கடுத்த மறியல் வரை வந்தார். இப்படியே ஆள் மாற்றி ஆள் மாற்றி எங்களைச் சென்னை ரோட்டில் சேர்த்தார்கள்.

விமான நிலையம் போய்ச் சேர்ந்தபோது விமானம் கிளம்பிவிட்டிருந்தது. அடுத்தது இரண்டு நாள் கழித்துத்தான்.

சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பேசினாய், தம்பி" என்றார். காலையில் பேசாததை அவர் சொல்லவே இல்லை.

அவர் திரும்பி வரவில்லை. வேறு நாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றார்கள். அம்மாவை உயிரோடு பார்த்தாரா என்ற கேள்வி மற்ற சிஸ்டர்களைக் காணும்போதெல்லாம் தொண்டை வரை வரும். பதிலுக்குப் பயந்து விழுங்கிவிடுவேன்.

அந்த அம்மாவின் காலம் எப்போதோ முடிந்திருக்கும். ஆனாலும் அந்தப் புளியமரம் கிடந்த இடத்தைக் கடக்கும்போது, மகள் வந்து சேரும் வரைக்குமாவது வாழட்டும் என்று நினைத்துக்கொண்டு, இன்னமும் 'வீவா' என்றுதான் வாய்விட்டுச் சொல்கிறேன்.