கொடி பிடித்த ஆட்டுக்குட்டி

மலேசியாவின் கேமரன் மலையில் வெயில் வந்தால் எனக்குத் துப்புரவு வேலை கெடும். தேயிலைத் தோட்டத்துச் சிற்றாலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சன்னல் வழியாகச் சிவப்பு தரையில் கொட்டும். வந்த புதிதில் யாரோ எதையோ சிந்திவிட்டார்கள் என்று மண்டியிட்டுத் துடைத்திருக்கிறேன். நீங்கள் சிரிப்பீர்கள். தூத்துக்குடியில் நம் மாதா கோயில் சன்னலுக்கு வெறும் கம்பிதான். கடற்காற்றும் வரும், காக்கையும் வரும். ஆனாலும் இந்தப் படங்களின் பொருளெல்லாம் எனக்கு மனப்பாடம். வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் மகன் அல்லவா, அந்தத் திமிர் என்னோடு கடல் தாண்டிவிட்டது.

கொழுந்து பறிக்கும் சரோஜா இந்து. அவளுடைய நான்கு வயது மகள் நிமோனியாவோடு தானா ராத்தா நகர மருத்துவமனையில் கிடந்தாள். சரோஜா தினமும் காலையில் வந்து, கொடி பிடித்து நிற்கும் கண்ணாடி ஆட்டுக்குட்டியின் நெற்றியில் குங்குமம் வைத்துக் கும்பிடுவாள்.

"எங்க பாப்பா மாதிரியே இருக்குண்ணே."

நான் துடைப்பேன், மறுநாளும் இருக்கும். ஞாயிறு ஆங்கிலப் பூசைக்கு வந்த தோட்டத்துத் துரை அதைப் பார்த்துவிட்டார். இன்னொரு தடவை கறை தெரிந்தால் என் வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்க மாட்டாராம்.

திங்கட்கிழமை அவளை நிறுத்திக் கேட்டேன்.

"இது என்ன ஆடு தெரியுமா?"

"சாமி வளக்கிற ஆடு லா."

"இல்ல. ஊரு பாவத்துக்கு வெட்டுன பலியாடு."

பொய்யில்லை, அந்த ஆடு இயேசு. ஆனால் அந்தக் கொடி, செத்த ஆடு உயிர்த்தெழுந்த வெற்றிக்கொடி. அதை வேண்டுமென்றே விழுங்கிவிட்டேன். அவர்கள் கோயிலில் வெட்டப்போகும் கிடாவுக்குத்தான் பொட்டு வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

சரோஜா சிவந்திருந்த தன் விரலைப் பார்த்தாள். "அப்ப எம் புள்ளைக்கா பொட்டு வச்சேன்?"

துணியை நனைத்தேன். அதன் பிறகு அவள் வரவில்லை. வியாழக்கிழமை குழந்தை இறந்துபோனது.

காரியம் முடிந்ததும் அவள் இருந்த தொழிலாளர் லைன் வீட்டுக்குப் போய், கொடியின் பொருளை முழுவதும் சொன்னேன்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமேண்ணே. அவ போற வரைக்கும் நான் கும்பிட்டிருப்பேனே."

கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பெர்மிட் கிடைத்துவிட்டது. கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது என்று துரை கைகுலுக்கினார். ஊரில் என்றால் மாதாவின் பாதத்தைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன், யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். இங்கே மாதாவும் கண்ணாடிதான். தொட்டால் கைரேகை படியும். அதையும் நான்தான் துடைக்க வேண்டும்.