பெரட்டுக் களத்தில் தானாகப் பேர் கூப்பிட்ட போன்

கேமரன் மலைக்கு மற்றவர்கள் ஸ்ட்ராபெரிக்கும் குளிருக்கும் போவார்கள். நான் ஒரு போனின் வாயை அடைக்கப் போனேன். பள்ளி விடுமுறை முடிந்த வாரம், புதன்கிழமை மதியம், அங்குள்ள ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து எங்கள் அலுவலகத்துக்குச் செய்தி வந்தது: "போன் தானா பேர் கூப்பிடுது. யாரும் தொடல. வந்து பாத்தா நல்லது." மறுநாள் காலை நான் பேருந்தில் இருந்தேன். அதே வழியில் போக நினைப்பவர்களுக்கு உதவும் என்று நேரம், தூரம், செலவு எல்லாவற்றையும் குறித்திருக்கிறேன். மற்றதை நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

முதலில் எங்கள் பிழைப்பைப் பற்றி. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் ஐந்து பேர் உட்கார்ந்து ஆப் செய்கிறோம். பதிப்பகங்களுக்குப் புத்தகம் படிக்கும் ஆப், அருங்காட்சியகங்களுக்கு ஒலி வழிகாட்டி ஆப். ஸ்டார்ட்அப் என்று சொன்னால் அம்மாவுக்குப் புரிவதில்லை, அதனால் கம்ப்யூட்டர் கம்பெனி என்று சொல்லி வைத்திருக்கிறேன். என் வேலை ஒலி. பதிவு செய்வேன், வெட்டுவேன், ஒட்டுவேன். எங்கள் பாஸ் போட்ட சட்டம் ஒன்று உண்டு: எந்த ஒலியிலும் இரண்டு வினாடிக்கு மேல் அமைதி இருக்கக் கூடாது. இருந்தால் ஆப் தொங்கிவிட்டது என்று நினைத்து மூடிவிடுவார்களாம்.

அந்தத் தோட்டத்தின் பெயர் வேண்டாம். பழைய ஆபீசையும் அதை ஒட்டிய பெரட்டுக் கொட்டகையையும் சின்னக் காட்சிக்கூடமாக மாற்றியிருந்தார்கள். பெரட்டு என்பது விடிகாலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பது. சுமார் முப்பது வருடத்துக்கு முன்னால், கங்காணியின் மகன் புது ரேடியோ வாங்கிய குஷியில், அப்பா பேர் கூப்பிடுவதை விளையாட்டாக ஒரு கேசட்டில் பிடித்து வைத்திருக்கிறார். நாற்பத்து மூன்று பேர்கள், அவர்கள் சொன்ன பதில்கள். எங்களுக்கு லாட்டரி விழுந்த மாதிரி. பார்வையாளர் போனோடு பெரட்டு நடந்த களத்தில் கால் வைத்ததும் கங்காணியின் குரல் தானாக ஒலிக்க வேண்டும் என்று செய்திருந்தோம். சோதனைக்கான போன் ஒன்றை இரண்டு வாரம் முன்பே மலைக்கு அனுப்பியிருந்தோம். திறப்பு விழாவுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

கோலாலம்பூரிலிருந்து பேருந்து காலை 8.45-க்கு. டிக்கெட் 38 வெள்ளி, அதாவது ரிங்கிட். தாப்பா வரை நெடுஞ்சாலை, தூங்கலாம். அங்கிருந்து ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர் வளைவு மேல் வளைவு. வாந்தி மாத்திரையைத் தாப்பாவுக்கு அரை மணி முன்னாலேயே போட்டுவிடுங்கள். நான் வீம்புக்குப் போடாமல் இருந்து, பக்கத்து சீட்டுக்காரம்மாவின் பிளாஸ்டிக் பையைக் கடன் வாங்கினேன். தானா ராத்தா நிலையத்தில் இறங்கியபோது மணி 1.20.

அங்கிருந்து தோட்டத்துக்கு 11 கிலோமீட்டர், வாடகைக் கார் 35 வெள்ளி. டிரைவர் சேகர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வாய் ஓயாத மனிதர். கியா பார்ம் சந்தை நெரிசலையும் முட்டைக்கோஸ் விலையையும் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவர், நான் பெரட்டுக் கொட்டகை என்றதும் சட்டென்று ரேடியோவைக் குறைத்தார். லயத்து ஆட்கள், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் இருப்பவர்கள், இரண்டு வாரமாக அந்தப் பாதையில் நடப்பதில்லையாம். கால் மைல் சுற்றிப் போகிறார்களாம். வங்காளதேசத்துப் பையன்கள் மட்டும் வழக்கம்போலப் போய் வருகிறார்கள், அவர்களுக்குத் தெரிந்த பேர் எதையும் அது கூப்பிடுவதில்லையே என்றார். என்னைக் களத்துக்கு நூறு மீட்டர் முன்னாலேயே இறக்கிவிட்டார்.

"அதுக்கு மேல கார் ஏறாதா அண்ணே?"

"ஏறும்லா. நான் போவல."

மணி 2.30 இருக்கும். மலையில் மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்குவது வழக்கம்தான், படம் எடுக்க எல்லோரும் ஓடுவார்கள். எனக்குப் பத்தடிக்கு அப்பால் தேயிலைச் செடிகூடத் தெரியவில்லை. என் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. அப்போது மேலேயிருந்து, நிதானமான கனத்த குரலில், "முனியம்மா" என்று யாரோ கூப்பிட்டார்கள். "வந்துட்டேங்க" என்றது ஒரு பெண் குரல். பிறகு "வேலாயுதம்." அதற்கு ஒரு ஆண் பதில் சொன்னான். அந்த ஒலியை மாதக்கணக்கில் காதில் மாட்டிக்கொண்டு வெட்டியவள் நான். ஒவ்வொரு மூச்சும் எனக்குத் தெரியும். ஆனாலும் அங்கே நாற்பது பேர் நிற்கிறார்கள், நான் தாமதமாக வந்திருக்கிறேன் என்றே தோன்றியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்ச தூரம் ஓடினேன்.

கொட்டகையில் யாருமில்லை. ஜன்னல் விளிம்பில் சார்ஜரில் போன் மட்டும் கிடந்தது.

காட்சிக்கூடத்தைப் பார்த்துக்கொள்பவர் சந்திரன். முன்பு தோட்ட ஆபீசில் எழுத்தராக இருந்தவர், அதனால் இன்றைக்கும் எல்லோருக்கும் கிராணிதான். எங்களுக்குச் செய்தி அனுப்பியதும் அவர்தான். சூடாகத் தேநீர் கொடுத்தார். பிழையை இருபது நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டேன். செயற்கைக்கோளை வைத்து இடத்தைக் கணிக்கும் போன், மலைமடிப்பில் தகரக் கூரைக்கு அடியில் தடுமாறும். சும்மா கிடந்த போன், தான் களத்தை விட்டு வெளியே போய் மறுபடி உள்ளே வருவதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. நினைத்த போதெல்லாம் பேர் கூப்பிட்டிருக்கிறது. களத்தைச் சுற்றி நான் வரைந்த எல்லை மிகச் சிறியது, என் தப்பு. இனி விரலால் தொட்டால்தான் ஒலிக்கும் என்று மாற்றிவிட்டு, பெருமையாக அவரைப் பார்த்தேன்.

கிராணி சிரிக்கவில்லை. பாக்கியக்காவைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றார்.

பாக்கியம் கொட்டகையைக் கூட்டிப் பெருக்கும் அம்மா, அறுபதைத் தாண்டியவர். வயிற்றில் கட்டி. திங்கட்கிழமை ஈப்போ மருத்துவமனையில் ஆபரேசன் என்று தேதி கொடுத்திருந்தார்கள். தள்ளிப்போட்டால் ஆபத்து என்று டாக்டர் சொல்லியும், இரண்டு வாரமாகப் போகமாட்டேன் என்கிறாராம். காரணம் எங்கள் போன். கேசட்டில் இருக்கும் நாற்பத்து மூன்று பேரில் இன்னும் தோட்டத்தில் இருப்பவர் அவர் ஒருவர்தான்.

அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு என்பதைக் கிராணி அப்போதுதான் சொன்னார். பனி மூடியிருக்கும்போது பேரைக் கூப்பிட்டால் மூன்று தடவை கூப்பிட வேண்டும். மூன்றாவதுக்குத்தான் பதில் சொல்வார்கள். ஒரே தடவை கூப்பிடுவது மனுசன் இல்லை. அதற்குப் பதில் சொன்னவர்கள் நிலைக்கமாட்டார்கள். கங்காணிக்கும் அது தெரியும், ஆகவே ஒவ்வொரு பேரையும் மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார்.

 கேசட்டில் ஒவ்வொரு பேரும் மூன்று முறை வந்தது உண்மைதான். கங்காணிக்குக் காது மந்தம் போல என்று நினைத்து, முதல் கூப்பாட்டை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அமைதிகளோடு சேர்த்து வெட்டி எறிந்தவள் நானே. பதினோரு நிமிடத்தை மூன்றரை நிமிடமாகக் குறைத்ததற்கு அலுவலகத்தில் கைதட்டு வேறு வாங்கியிருந்தேன்.

லயத்து வீட்டில் பாக்கியம் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். மருத்துவமனைக்கு இல்லை. புடவைகளைப் பிரித்து யார் யாருக்கு என்று வைத்துக்கொண்டிருந்தார். அழவில்லை, கோபமும் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. விடிகாலை கொட்டகையைக் கூட்டிக்கொண்டிருந்தபோது கேட்டதாம். செத்துப் பல வருடமான கங்காணி, பனிக்குள்ளிருந்து, ஒரே தடவை.

"அது ரெக்கார்டிங், ஆண்ட்டி. நான்தான் வெட்டினேன்" என்றேன்.

"தெரியும்மா, கிராணி சொன்னாரு. அவரு கூப்பிட்டதுகூடப் பரவால்ல. நான் பதில் சொல்லிட்டேனே. நாப்பது வருசத்துல ஒரு நாளும் மொத கூப்பாட்டுக்கு நான் வாய் தொறந்தது இல்ல. ஒங்க போனுக்குள்ள இருக்குற நான் தொறந்துட்டேன்."

எப்படியும் போகப் போகிறவளுக்கு எதற்கு வயிற்றைக் கிழிக்க வேண்டும் என்று கேட்டுவிட்டு, எனக்குப் பிஸ்கட் எடுத்து வைத்தார். நான் விஞ்ஞானம் பேசப் போய், பிஸ்கட்டைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

வெட்டாத முழுப் பதிவைக் கேட்க வைப்பது ஒன்றுதான் வழி என்று தோன்றியது. அது அலுவலக சர்வரில் இருந்தது. தோட்டத்தில் நெட் கிடையாது. சேகர் அண்ணனைக் கூப்பிட்டு மறுபடி தானா ராத்தா, இன்னொரு 35 வெள்ளி. முக்கியச் சாலையில் ஒரு தமிழ் முஸ்லிம் உணவுக்கடையில் உட்கார்ந்து அதை இறக்கினேன். ரொட்டி சானாய் 2 வெள்ளி, தே தாரிக் 2.50, நெட் இலவசம், ஆனால் ஆமை வேகம். இறங்கி முடிக்க ஒன்றே முக்கால் மணி நேரம். ஏழு மணிக்குக் காதில் மாட்டிக் கேட்டேன்.

பாக்கியத்தின் பேர் வரிசையில் ஆறாவது. "பாக்கியம்." அமைதி. "பாக்கியம்." அமைதி. "பாக்கியம்." அதற்குப் பிறகும் அமைதிதான். யாரோ இருமுகிறார்கள், பென்சில் உரசுகிறது, கங்காணி அடுத்த பேருக்குப் போய்விடுகிறார். அன்றைக்கு அவர் பதிலே சொல்லவில்லை.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. எங்கள் ஆப்பில் ஒரு இடம் காலியாக இருந்தால் சோதனையின்போது சுருண்டு விழுந்துவிடும். அதனால் கையில் கிடைத்ததை வைத்து அடைத்துவிட்டு, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று மறந்துபோவோம். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வது. பாக்கியத்துக்குப் பதில் இல்லாத இடத்தில் வேறு யாரோ ஒரு பெண்ணின் "வந்துட்டேங்க"வை நான் ஒட்டியிருக்கிறேன். அன்று இரவு விடுதி அறைக்கு 90 வெள்ளி கொடுத்தேன், ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை 6.30-க்குப் பாக்கியம் களத்துக்கு வரச் சம்மதித்தார். சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, கிராணியின் கையைப் பிடித்தபடி, கொட்டகைக்கு வெளியிலேயே நின்றார். பனி தரையோடு ஊர்ந்துகொண்டிருந்தது. நான் மடிக்கணினியைத் திறந்து முழுப் பதிவையும் ஓடவிட்டேன். அவர் பேரை மூன்று தடவை கூப்பிட்டதும், பதில் இல்லாததும், பென்சில் சத்தமும் கேட்டன.

"அன்னிக்கி நான் வரல போல" என்றார் மெதுவாக. பிறகு, "அப்ப போன்ல பேசுனது யாரு?"

தெரியாது என்று ஒப்புக்கொண்டேன். ஒட்டிய துண்டை மட்டும் தனியாகப் போட்டேன். "வந்துட்டேங்க." இன்னொரு முறை போடச் சொன்னார். போட்டேன். சால்வை தோளில் சரிந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"இது அஞ்சலைலா."

அஞ்சலை அவருடைய கூட்டாளி. ஒரே தேயிலை நிரையில் கொழுந்து எடுத்தவர்கள். செத்துப் பதினோரு வருடம். பாக்கியம் தாமதமாக வரும் நாட்களில், வராதவர் கணக்கில் பேர் விழாமல் இருக்க, அஞ்சலை குரலை மாற்றி இவருக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிடுவாராம். பனியில் யார் சொன்னது என்று கங்காணிக்குத் தெரியாது. தெரிந்தாலும் கண்டுகொள்ளமாட்டார்.

"அன்னிக்கிச் சொல்லாம விட்டுட்டா. இப்பச் சொல்லியிருக்கா" என்றார் பாக்கியம். அவர் முகத்தில் வந்தது சிரிப்பா அழுகையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு கிராணியிடம் திரும்பி, திங்கட்கிழமைக்குக் கார் பிடிக்க முடியுமா என்று கேட்டார். எனக்குத்தான் அழுகை வந்தது.

அன்று மதியப் பேருந்தில் மலை இறங்கும்போது, எந்தத் துண்டை எங்கிருந்து எடுத்தேன் என்று கோப்பைத் திறந்து பார்த்தேன். அஞ்சலையின் பதில் வரிசையில் முப்பத்தொன்றாவது. காலி இடத்தை அடைக்கும்போது பக்கத்தில் இருப்பதை எடுத்து ஒட்டுவதுதான் என் வழக்கம், எல்லாச் சோம்பேறிகளும் செய்வது. ஏழாவதும் எட்டாவதும் பெண் குரல்கள்தான். அவற்றையெல்லாம் விட்டுவிட்டு முப்பத்தொன்றுக்கு எதற்குப் போனேன்? எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. யோசிப்பதை நிறுத்திவிட்டேன்.

பாக்கியம் ஈப்போ போனார், கட்டியை எடுத்தார்கள், இரண்டு மாதத்தில் துடைப்பத்தோடு திரும்பிவிட்டார். போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். காலை பத்து மணிக்குள் தோட்டத்துக்குப் போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் பனிதான். பள்ளி விடுமுறையில் போகாதீர்கள், அறை இரண்டு மடங்கு விலை. திரும்பும் டிக்கெட்டை முன்னாலேயே எடுங்கள். காய்கறி வாங்க கியா பார்ம் போதும், பேரம் பேசலாம். என் மொத்தச் செலவு, போக வர எல்லாம் சேர்த்து, 300 வெள்ளிக்குக் கொஞ்சம் மேல்.

காட்சிக்கூடம் திறந்துவிட்டது. ஆப்பில் இப்போது எல்லாப் பேரும் மூன்று தடவை ஒலிக்கின்றன. நீளம் பதினோரு நிமிடம், பாஸ் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆறாவது பேருக்கு மட்டும் பதில் வராது. ஒன்பது வினாடி அமைதி. ஆப் தொங்குகிறது என்று வாரத்துக்கு இரண்டு புகாராவது வருகிறது. பதில் போடக் கூடாது என்று பாக்கியம் ஆண்ட்டி கேட்டுக்கொண்டார், நான் இருக்கும்வரை போடமாட்டேன். நீங்கள் போனால் அந்த ஒன்பது வினாடியைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அப்போது கொட்டகையில் ஒரு அம்மா கூட்டிக்கொண்டிருந்தால், வணக்கம் சொல்லுங்கள், பேச்சுக் கொடுங்கள். பேரை மட்டும் சொல்லிக் கூப்பிட வேண்டாம்.