ரேகை போன விரல்

யசோதரா போராடி ஜெயித்தது கொஞ்சமல்ல. கொருக்குப்பேட்டையில் சித்தாளாகப் போனவள் கொத்தனார் ஆனாள். "பொம்பள பூசின சொவரு நிக்காது" என்ற மேஸ்திரிகளின் வாயை அடைத்தாள். தனியாளாக மகளைக் காலேஜுக்கு அனுப்பினாள். இதையெல்லாம் சொல்லும்போது அக்கா ராஜாத்திக்குத் தானாகவே குரல் உயரும்.

அந்தக் கைதான் வெடித்து நீர் வடிந்தது. சிமெண்டிலுள்ள குரோமியம் தோலுக்குச் சேரவில்லை, இனி ஆயுசுக்கும் சேராது, தொடவே கூடாது என்றார் டாக்டர். நல்லவேளையாக, எண்ணூரில் ஒரு கட்டடத்தில் சிமெண்டைத் தொடாத மேற்பார்வை வேலை கிடைத்தது. மனசு கேட்காமல் ராஜாத்தியும் கூடப் போனாள்.

வாசலில் விரல் வைக்கும் மெஷின் யசோதராவின் விரலை மூன்று முறையும் ஏற்கவில்லை.

"இன்னாம்மா, வெரலு கீதா இல்லியா?" என்றார் காவலாளி.

"வெரலு கீது நைனா, ரேகைதான் சிமெண்டோட பூட்ச்சு."

"அப்ப நோட்டுல கையெழுத்து போடு. இல்லாங்காட்டி வூட்டுக்குப் போ."

ராஜாத்திக்குத் தெரியும்: தங்கை பள்ளிக்கூடமே போனதில்லை, எங்கும் கைநாட்டுதான். யசோதராவோ பேனாவை வாங்கி, நிதானமாகத் தன் பெயரை எழுதினாள்.

"எப்டிடீ கத்துகினே?"

"சோத்து டப்பால மவ எழுதின எம் பேருதான்க்கா. அத்தப் பார்த்து ஈரச் சொவத்துல பூசற கரணை முனையால எழுதுவேன். யாராவது பாக்கறதுக்குள்ள பூசி மூடிடுவேன்."

அந்த முதல் கையெழுத்துக்குப் பக்கத்தில் காவலாளி தேதி போட்டார்: 14.8.2023.