வசந்தா அக்காவைக் கூடத்திலிருந்து எடுத்தோம்

போன மாதம் ஒரு காலை, நினைவில்லக் குழுவின் செயலாளர் போன் செய்தார். "பத்து மணிக்குப் பள்ளிக்கூட பஸ் வருது, சீக்கிரம் வாங்க" என்றார். என்ன விஷயம் என்று கேட்ட பிறகுதான், "வசந்தாம்மா கூடத்துல இறந்து கிடக்குறாங்க" என்றார். செய்தியை அவர் சொன்ன வரிசையை நான் மறக்கப்போவதில்லை.

வலங்கைமான் பக்கம் வந்துபோனவர்கள் பலருக்கு அக்காவைத் தெரிந்திருக்கும். விண்வெளிக்குப் போய்வந்த தன் தம்பி வளர்ந்த, இப்போது நினைவில்லமாக இருக்கும் வீட்டைச் சுற்றிக்காட்டியவர் அவர்தான். நான் அங்கே அலுவலகத்தைப் பார்த்துக்கொள்பவள். அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் போக, படிப்பை நிறுத்திவிட்டு அந்தத் தம்பியை வளர்த்தவர் அக்கா. அவர் பெயர் அங்கே எந்தப் பலகையிலும் இல்லை.

ஒருமுறை திருச்சியிலிருந்து வந்த ஒரு பெண், "நீங்க எங்கம்மா படுப்பீங்க?" என்று கேட்டார். "அந்த மேசைக்குக் கீழ. தம்பி படிக்கறப்ப காலு என் மேல பட்டுக்கிட்டே இருக்கும். அசையலன்னா தூங்கிட்டான்னு எழுப்பி விடுவேன்" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள், அவரும்தான். நான் சிரிக்கவில்லை.

தம்பி வீட்டைக் குழுவுக்கு எழுதிக்கொடுத்தபோது, அவர் சிறுவனாக இருந்த காலத்தில் இருந்தபடியே வைப்பது என்று முடிவானது. கட்டில், மேசை, புத்தகப்பை எல்லாவற்றையும் சுற்றிக் கயிறு கட்டினார்கள். அக்காவின் பாய்க்கு மட்டும் உள்ளே இடமில்லை. கொல்லையில் ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கொடுத்தார்கள். நான் கோபப்பட்டால், அக்கா தம்பியை விட்டுக்கொடுக்க மாட்டார். "மேலேருந்து பாத்தா நம்ம காவேரியே நூலாட்டம்தான் தெரியுமாம். நான் எங்க தெரியப்போறேன்?" என்பார்.

அக்காவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியதும் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேரச் சொல்லிக் கெஞ்சினேன். மறுத்துவிட்டார். வெளியில் இறந்தவர்களை எங்கள் ஊரில் வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. வாசலில் பந்தல் போட்டு அங்கிருந்தே எடுத்துவிடுவார்கள். "அம்மாவ இந்தக் கூடத்துல வச்சுதான் எடுத்தோம். என்னையும் இங்கேருந்துதான் எடுக்கணும்" என்றார்.

கொட்டகையில் இறந்தாலும் குழு உள்ளே விடாது என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். பெருக்குவதற்காகக் கொடுத்திருந்த சாவியால் கொல்லைக் கதவைத் திறந்து, கயிற்றைத் தாண்டிப் போய், கூடத்தில் வெறும் தரையில் படுத்திருக்கிறார்.

நான் போனபோது செயலாளர் இரண்டு ஆட்களோடு நின்றிருந்தார். "பஸ் வர்றதுக்குள்ள கொட்டகைக்குத் தூக்கிடுவோம். எங்க செத்தாங்கன்னு யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமே" என்றேன். வாசற்கதவை விரியத் திறந்து, தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டேன். பெண்கள் வந்து அக்காவைச் சுற்றி உட்கார்ந்து அழத் தொடங்கிய பிறகு செயலாளரால் எதுவும் செய்ய முடியவில்லை. பஸ் வந்து, நின்று, திரும்பிப் போனது. தம்பிக்குச் சொல்லிவிட்டோம்; அவரால் வர முடியவில்லை. அக்காவைக் கூடத்தில் கிடத்தி, வாசல் வழியாக எடுத்தோம்.

மறுநாள் கழுவிவிட்டு எல்லாவற்றையும் பழையபடி வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். அக்கா படுத்திருந்த அந்தத் தரைதான் இப்போது எனக்கு அவர். அக்காவுக்குப் பதிலாக நான்தான் சுற்றிக்காட்டுகிறேன். கட்டிலையும் மேசையையும் காட்டி முடித்ததும், "இங்கதான் எங்க வசந்தா அக்கா செத்துப்போனாங்க" என்று அந்த இடத்தையும் காட்டுகிறேன். சிலர் முகம் சுளித்து விலகி நிற்கிறார்கள். நிற்கட்டும்.