ரசமட்டம் வைத்துக் கட்டிய பந்தல்

நான் போடியில் கொத்தனார். காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற மாதிரி, படுக்கை வைத்த சின்ன டிரெய்லர் ஒன்றை நானே செய்தேன். அதன் பக்கவாட்டில் தார்ப்பாய்ப் பந்தல். தொழில் புத்தி விடுமா? ரசமட்டம் வைத்து, ஒரு நூல் பிசகாமல் மட்டமாகக் கம்பி நட்டுக் கட்டினேன்.

முதல் பயணம் மகளோடு, மலையடிவாரத்துக் குரங்கணிக்கு. மதியமே மழை பிடித்துக்கொண்டது. ஏலத்தோட்டத்தில் வேலை முடிந்து இறங்கி வந்த ஒரு பெண், "அண்ணே, ஜீப்பு வர்ற வரைக்கும் ஓரமா நின்னுக்கிடவா?" என்றார்.

பந்தலுக்குள் மடக்குக் கட்டிலில் மகள் தூங்குகிறாள், இடமில்லை என்றேன். இடம் இருந்தது. விரித்திருந்த புது ஜமுக்காளம் சேறாகிவிடுமே என்றுதான் அப்படிச் சொன்னேன். அவர் எதிரே மரத்தடியில் போய் நின்றார்.

கொஞ்ச நேரத்தில், "அண்ணே, மேல பாருங்க!" என்று கத்தினார். தார்ப்பாயில் தண்ணீர் குளமாகத் தேங்கி, மகளின் தலைக்கு மேல் தொங்கியது. கம்பிகள் சாய்ந்தன. நான் அவற்றைத் தாங்கிப் பிடித்து நிற்க, அவர் ஓடி வந்து ஒரு மூலைக் கயிற்றை அவிழ்த்துத் தாழ்த்தினார். அத்தனை தண்ணீரும் அவர் மேலேயே கொட்டியது.

"தண்ணிக்கு வழி விட்டுல்ல கட்டணும்ணே!" என்று சிரித்தார்.

எத்தனை மாடிக்கு, தண்ணீர் வடிய வாட்டம் பார்த்துத் தளம் போட்டவன் நான்!

"உள்ள வந்து நில்லு தாயி" என்றேன்.

"இனி எதுக்குண்ணே, நனைஞ்சாச்சே" என்றார். ஜீப்பும் வந்துவிட்டது.

இப்போது ஒரு மூலையைத் தாழ்த்தித்தான் கட்டுகிறேன். மழை வந்தால் முதலில் பாதையைப் பார்க்கிறேன், யாராவது நனைந்துகொண்டு வருகிறார்களா என்று.