கம்பளிக்குள் வந்த இன்னொரு பிள்ளை

தம்பி பிறந்ததும் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. அம்மா அவனுக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம் ஆட்கள் பார்க்கும் பக்கமாகப் போய் மறைப்புக்கு நிற்க வேண்டும். எனக்கு அப்போது ஆறு வயது. தலவாக்கலையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் தள்ளி, ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசையில் கடைசி வீடு எங்களுடையது. அம்மா கொழுந்தெடுக்கப் போவாள். தம்பியைத் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டு, மலையிலிருந்து நடுவில் ஓடிவந்து பால் கொடுத்துவிட்டு ஓடுவாள்.

வெளியிடத்தில் பால் கொடுப்பதில் அம்மாவை மிஞ்ச எங்கள் லயத்தில் ஆளில்லை. மற்றப் பெண்கள் பிள்ளை அழுதால் பதறிக்கொண்டு சுவர்ப்பக்கம் தேடுவார்கள். அம்மா பதற மாட்டாள். மழைக்குத் தலையில் போடும் கறுப்புக் கம்பளியை ஒரு பக்கமாகச் சரித்துவிடுவாள். முந்தானையை முன்னால் சுற்றி இடுப்பில் செருகுவாள். உள்ளே ரவிக்கை முடிச்சு எப்போது அவிழ்ந்தது என்று பக்கத்தில் இருப்பவளுக்கும் தெரியாது. பிள்ளையின் வாய் மார்பில் பொருந்திய பிறகுதான் உட்காருவாள். சப்புகிற சத்தம் கேட்காமலிருக்க யாரிடமாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பாள். கொழுந்து நிறுக்கும் வரிசையில் நின்றபடியே ஒருமுறை தம்பிக்குப் பால் கொடுத்து முடித்திருக்கிறாள். கணக்கப்பிள்ளை அவளோடு பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

எனக்கு மட்டும் எல்லாம் தெரியும். திறந்த பக்கத்தில் கம்பளியின் நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் நான்தானே. உள்ளே இருட்டாக, சூடாக இருக்கும். பால் வாசனையும் கொழுந்து வாசனையும் வரும். அந்த இடம் எனக்குச் சொந்தமாக இருந்தது. நாலு வயதுவரை நான் பால் குடித்ததைச் சொல்லி லயமே கேலி செய்யும். இப்போது அந்த இடத்துக்குள் வேறொருவன் சுகமாகப் படுத்திருக்க, வெளியே குளிரில் நின்று அவனுக்குக் காவல் காப்பது என் தலையெழுத்தாகிவிட்டது. ஆள் பார்க்காத நேரங்களில் வெளியே நீட்டியிருக்கும் அவன் காலைக் கிள்ளியிருக்கிறேன். அவன் வீரிட்டால், "எறும்பு கடிச்சிருச்சு போல" என்பேன்.

இது போதாதென்றுதான் கங்காணி வீட்டுப் பிள்ளை வந்தது.

வேலையாட்களை மேற்பார்க்கும் பெரிய கங்காணியின் வீடு லயத்துக்குக் கீழே தனியாக இருந்தது. அவர்கள் எங்கள் வீடுகளில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். எங்களை வாசற்படியைத் தாண்டவும் விட மாட்டார்கள். அந்த வீட்டு மருமகளுக்குப் பெண் குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவளுக்குப் பால் சுரக்கவில்லை. டின் பால் கொடுத்தால் குழந்தைக்கு வயிற்றால் போனது.

ஒரு சாயங்காலம், மலைத்தண்ணீர் விழும் பீலியடியில் அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தபோது அந்த மருமகள் குழந்தையோடு வந்து நின்றாள். குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் பூனைக்குட்டி மாதிரி முனகியது.

"அக்கா, ஒங்க மகன் நல்லா இருக்கான்" என்றாள். குழந்தையை அம்மாவின் பக்கம் நீட்டினாள்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டாள். "ஒங்க மாமியாருக்குத் தெரிஞ்சா என்னம்மா ஆகும்?"

"தெரிய வேணாம்க்கா."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அந்தப் பக்கமா வந்து நில்லு. யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது."

அன்றிலிருந்து தினமும் இது நடந்தது. பீலியடியில், கோயில் மரத்தடியில், ஆற்றோரத்தில். ஆள் வந்தால், கம்பளிக்குள் இருப்பது தம்பிதான் என்று நினைத்துக்கொண்டு போவார்கள். தம்பியை அந்த நேரத்தில் நான் முதுகுக்குப் பின்னால் புல்லில் படுக்க வைத்திருப்பேன். அந்தப் பிள்ளைக்குத்தான் முதலில் பால். மிச்சம்தான் தம்பிக்கு. தம்பியையே மன்னிக்காத எனக்கு அவன்மேல் முதன்முதலாக இரக்கம் வந்தது அப்போதுதான். அவனாவது எங்கள் வீட்டில் பிறந்தவன். இவள் யார்? இவளுக்கு ஏன் அம்மா குனிந்து குனிந்து தலையை முகர வேண்டும்? மூன்று வாரத்தில் அந்தக் கன்னங்கள் உப்பின. அது என் கன்னத்திலிருந்து எடுத்துப் போனது போல எனக்கு எரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க நாங்கள் தலவாக்கலைக்குப் பஸ் ஏறினோம். அப்பா வரவில்லை. முன் ஸீட்டில் கங்காணியின் மனைவி கங்காணியம்மாவும் மருமகளும் குழந்தையும் இருந்தார்கள். குழந்தையை டவுன் வைத்தியரிடம் காட்டப் போகிறார்களாம். காலையிலிருந்து பால் இல்லாத குழந்தை பஸ்ஸே அதிரும்படி கத்தியது. மாமியார் கொடுத்த சர்க்கரைத் தண்ணீரைத் துப்பியது.

"பின்னால காத்து வருது அத்தை, அங்க வச்சு ஆட்டினா தூங்கிரும்" என்று சொல்லிவிட்டு மருமகள் கடைசி ஸீட்டுக்கு, அம்மாவின் பக்கத்துக்கு வந்தாள். மறுநிமிஷம் தம்பி என் இடுப்புக்கு வந்தான். அந்தக் குழந்தை கம்பளிக்குள் போனது. கத்தல் நின்றது.

"கெட்டியாப் புடிச்சுக்க. நகராத" என்றாள் அம்மா, உதடு அசையாமல்.

நான் நின்றேன். ஒரு கையில் தம்பி, மறு கையில் கம்பளி நுனி. வளைவுக்கு வளைவு பஸ் சாய்ந்தது. அம்மா பசியோடு கிளம்பியிருந்தாள். பால் குறைவாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். தம்பி அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டி அழ ஆரம்பித்தான். அம்மா அவனைப் பார்க்கவில்லை. கம்பளிக்குள் குனிந்து, "குடிச்சுக்க, குடிச்சுக்க" என்று ரகசியமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு குரலில் என்னிடம் அவள் பேசி எத்தனையோ நாளாகியிருந்தது.

நான் கம்பளியை விட்டுவிட்டு இரண்டடி முன்னால் நகர்ந்தேன். கை வலித்தது என்று பிறகு சொன்னேன். அது பொய். தெரிந்துதான் நகர்ந்தேன்.

ஜன்னல் காற்று கம்பளியைத் தூக்கி அம்மாவின் தோளுக்குப் பின்னால் போட்டது. வெள்ளித் தண்டை போட்ட கால்கள் வெளியே தெரிந்தன. எங்கள் லயத்தில் தண்டை போட்ட பிள்ளை கிடையாது.

"அட, இது கங்காணி வீட்டுப் புள்ளல்ல?" என்றாள் நடு ஸீட்டில் இருந்த ஒருத்தி.

பஸ்ஸில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. ஆண்களும் திரும்பினார்கள். மருமகள் முகத்தை மூடிக்கொண்டாள். கங்காணியம்மா எழுந்து, கம்பியைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் வந்தார். அம்மா முந்தானையை இழுத்து மூடினாளே தவிர, குழந்தையின் வாயை எடுக்கவில்லை.

"குடிச்சு முடிக்கட்டுங்கம்மா. அப்பறம் எவ்வளவு வேணும்னாலும் வையுங்க" என்றாள்.

கங்காணியம்மா குழந்தையைப் பார்த்தார். அதன் கைவிரல்கள் விரிந்து அம்மாவின் கழுத்தில் கிடந்தன. வாயோரத்தில் பால் வழிந்தது. மருமகளைப் பார்த்தார். பிறகு, நான் விட்டுவந்த இடத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். தோளில் கிடந்த சால்வையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார்.

"என்ன வேடிக்கை? எல்லாரும் முன்னால பாருங்க!"

தலைகள் திரும்பிக்கொண்டன. பருத்த உடம்பு அவருக்கு. கம்பியைப் பிடிக்கக் கையில்லாமல், ஒவ்வொரு வளைவிலும் ஸீட்டில் இடித்துக்கொண்டு, தலவாக்கலை வரும்வரை அப்படியே நின்றார். வைத்தியரிடம் போகாமலே அடுத்த பஸ்ஸில் அவர்கள் திரும்பிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

அம்மா அடிப்பாள் என்று டவுன் முழுக்கக் காத்திருந்தேன். அவள், "ஏன் நகந்த?" என்று மட்டும் கேட்டாள். கை வலி என்றேன். "ம்" என்றாள். அந்த 'ம்' ஓர் அடியைவிட வலித்தது.

அந்தப் பிள்ளை இனி வராது என்று ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். மறுநாள் சாயங்காலம் பீலியடிக்கு வந்தது. தூக்கிக்கொண்டு வந்தது மருமகள் இல்லை, கங்காணியம்மா. லயமே வாசலில் நின்று பார்த்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை. துவைக்கும் கல்லின்மேல் ஒரு பட்டுத் துண்டை விரித்தார். அதில் குழந்தையைக் கிடத்திவிட்டு நாலடி தள்ளிப்போய்த் திரும்பி நின்றார். அம்மா கல்லிலிருந்து குழந்தையை எடுத்துப் பால் கொடுத்தாள். முடிந்ததும் அந்தத் துண்டிலேயே திரும்பக் கிடத்தினாள். அம்மா தள்ளிப்போன பிறகு அவர் வந்து எடுத்துக்கொண்டார். "வர்றேன்" என்றுகூடச் சொல்லவில்லை.

இப்படியே நாலு மாதம், அந்தக் குழந்தை கஞ்சி குடிக்கும்வரை நடந்தது. மறைப்புக்கு இனி நான் தேவையில்லை; அந்த இடத்தையும் அவர் எடுத்துக்கொண்டார். வெறுத்த வேலைதான் என்றாலும் பறிபோனபோது அதற்கும் பொறாமைப்பட்டேன்.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆசை அந்தப் பட்டுத் துண்டின்மேல்தான். சிவப்புக் கரை போட்டது. கையிலிருந்து கைக்குக் கொடுக்காமல், சாமிக்குப் படைப்பது போல விரித்து வைத்துக் கொடுக்கிறார்களே, அவ்வளவு மரியாதையா அந்தப் பிள்ளைக்கு என்று நினைத்தேன். எங்கள் அம்மாவுக்குமான மரியாதை அது என்றும் நினைத்தேன்.

ஒரு நாள் கங்காணியம்மா போன பிறகு அந்தக் கல்லில் ஏறிப் படுத்துக்கொண்டேன்.

"என்னையும் அப்படித் துணி விரிச்சு வச்சு எடும்மா" என்றேன்.

அம்மா வாளியைக் கீழே வைத்தாள். பிறகு வந்து, ஈரக் கல்லிலிருந்து என்னை வாரித் தூக்கினாள். ஒரு பக்கம் தம்பி, ஒரு பக்கம் நான். ஏழு வயதை எட்டிக்கொண்டிருந்த என்னை லயத்துக்குப் போகும் ஏற்றம் முழுவதும் இறக்கிவிடாமல் சுமந்தாள். எலும்பு வலிக்கிற மாதிரி இறுக்கிப் பிடித்திருந்தாள். நடுவில் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினாள். இறங்கிக்கொள்கிறேன் என்று நான் சொல்லவில்லை. கடைசியில் நான் ஜெயித்துவிட்டேன் என்று அவள் தோளில் முகத்தை வைத்துச் சிரித்துக்கொண்டே போனேன்.