மண்டியில் வந்த நடுக்கம்

யுத்த காலத்தில் திண்டிவனத்து மல்லாட்டை மண்டி ஒன்றில் கூலிக்கு நிலக்கடலைக் காய் உடைக்கப் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் பட்டப்பகலில், காரணம் எதுவுமில்லாமல், நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பக்கத்திலிருந்த பெண்களின் பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் தேய்ந்தது. மடியில் கிடந்த கைகள் என்னுடையவையாகவே தோன்றவில்லை. யாரோ பின்னால் குனிந்து நிற்பதுபோல் பிடரி சில்லிட்டது. செத்துவிடுவேன் என்று நினைத்தேன். சற்று நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது.

அதன்பின் அடிக்கடி வந்தது. வீட்டில் பேய் என்றார்கள். பூசாரி வேப்பிலையால் அடித்தும் போகவில்லை.

மறுபடி மண்டியில் அது வந்த ஒருநாள், தலை நிமிர்ந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த மரக்காணத்துப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளிறி, கைகள் அசையாமல் இருந்தன. என் முகத்தையே எதிரில் பார்ப்பதுபோல் இருந்தது. அலறப் போனேன்.

“உனக்கும் வந்துட்டுச்சா?” என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

“எது, அக்கா?”

“இதான். எங்க ஊட்டுக்காரரு கடலுக்குப் போனவரு திரும்பல. அப்பலேர்ந்து எனக்கு வருது. எழுந்து ஓடாத. மூச்ச மெதுவா உட்டுக்கினு காய ஒடச்சிக்கினே இரு. தானா பூடும்.”

இருவரும் காய் உடைத்தோம். பின்னால் நின்றது நின்றுகொண்டேதான் இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பெண்களின் பேச்சு அருகில் கேட்க ஆரம்பித்தது.

இப்போதும் எப்போதாவது வருகிறது. பயம் விட்டுப்போகவில்லை. ஆனாலும் கையிலிருக்கும் வேலையை நிறுத்துவதில்லை.